அமெரிக்க வம்சாவளித் தேடல் பாதியில் நின்றால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

மருமகனோ மருமகளோ அமெரிக்கக் குடும்பத்திலிருந்து வந்திருப்பார். பேரக்குழந்தைக்கு இரண்டு பக்க வம்சாவளியையும் எழுதி வைத்துவிடலாம் என்று தாத்தா பாட்டி உட்காருவார்கள். அமெரிக்கப் பக்கம் 1850 வரை மளமளவென்று ஓடும், அங்கே நின்றுவிடும். அந்தக் கட்டத்தில் என்னிடம் வருகிறவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லி வந்ததை இங்கே அறிகுறி வாரியாக எழுதுகிறேன். 1620 முதல் சுமார் 1850 வரையிலான காலம், பிரிட்டனின் கீழிருந்த பழைய பதின்மூன்று குடியேற்றங்கள், அவற்றிலிருந்து பிரிந்த மாநிலங்கள், இவ்வளவுதான் இதன் எல்லை.

பழுது பெரும்பாலும் நாம் தேடும் ஆளிடம் இருக்காது, நாம் தேடும் அலுவலகத்தில் இருக்கும். பெயரைத் தட்டித் தட்டிப் பார்ப்பதை விட்டுவிட்டு, அந்த வருடம் அந்த நிலம் எந்த அலுவலகத்தின் கீழ் இருந்தது, பக்கத்து நிலம் யாருடையது என்று கேட்க ஆரம்பியுங்கள். கீழே உள்ள எல்லாவற்றுக்கும் அதுதான் அடிப்படை.

## அறிகுறி: பெயரைப் போட்டால் எதுவுமே வரவில்லை

முதலில் எழுத்துக்கூட்டு. அந்தக் காலத்தில் குடும்பப் பெயருக்கு நிலையான எழுத்து கிடையாது. எழுத்தர் காதில் எப்படி விழுந்ததோ அப்படி எழுதினார். 1634இல் பாஸ்டனில் வந்திறங்கிய போதகர் ஜான் லோத்ராப்பின் வாரிசுகளில் கனெக்டிகட் போனவர்கள் லாத்ரப் ஆனார்கள். பெயரின் உயிரெழுத்துகளை மாற்றிப் பாருங்கள், இரட்டை மெய்யை ஒற்றையாக்கிப் பாருங்கள், கடைசி எழுத்தை எடுத்துவிட்டும் பாருங்கள்.

அடுத்து கையெழுத்து. அட்டவணை போட்டவர் தவறாகப் படித்திருக்கலாம். பெரிய எல்லும் எஸ்ஸும் மாறும், ஐயும் ஜேயும் ஒரே வடிவம். இரண்டு எஸ் சேர்ந்து வந்தால் முதல் எஸ் நீண்டு எஃப் போலத் தெரியும். அதனால் ராஸ் என்ற பெயர் 'ராஃப்ஸ்' என்று அட்டவணையில் ஏறிவிடும். ஜேஎன்ஓ என்று சுருக்கியிருந்தால் அது ஜான். பெண்களுக்கு வீட்டுப் பெயர் தனி: பாலி என்றால் மேரி, பேட்ஸி என்றால் மார்த்தா, சாலி என்றால் சாரா, பெகி என்றால் மார்கரெட். மேரி இறந்து பாலியைக் கட்டிக்கொண்டார் என்று முடிவு செய்வதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

டச்சு, ஜெர்மன் குடும்பமாக இருந்தால் வழியே வேறு. நியூயார்க்கின் ஹட்சன் ஆற்றங்கரை டச்சுக்காரர்களிடம் 17ஆம் நூற்றாண்டில் பெரும்பாலும் நம் இனிஷியல் வழக்கம்தான்: யானின் மகன் பீட்டர் யான்சன், அந்தப் பீட்டரின் மகன் ஹென்ட்ரிக் பீட்டர்சன். 1664இல் ஆங்கிலேயர் பிடித்த பிறகும் உடனே மாறவில்லை. ஒரே குடும்பப் பெயரைப் பிடித்துக்கொண்டு மேலே போக முடியாது, தகப்பன் பெயரைப் பிடித்துத்தான் போக வேண்டும். அவர்களுடைய சர்ச் பதிவேட்டில் மனைவி பெரும்பாலும் பிறந்த வீட்டுப் பெயரிலேயே இருப்பார் என்பது நமக்கு லாபம். பென்சில்வேனியா ஜெர்மானியர் வீட்டில் நான்கு பையன்களுக்கும் முதல் பெயர் யோஹான் என்று ஞானஸ்நானப் பதிவில் இருந்தால் குழம்ப வேண்டாம், கூப்பிட்ட பெயர் இரண்டாவது. குடும்பப் பெயரும் மொழி மாறியிருக்கலாம். ஸிம்மர்மான் கார்பென்டர் ஆனது உண்டு, ஷ்வார்ட்ஸ் பிளாக் ஆனதும் உண்டு.

கடைசியாக, அட்டவணையே இல்லாத பதிவுகள். வம்சாவளிப் பதிவுகளைத் திரட்டி வைத்திருக்கும் ஃபேமிலிசர்ச் தளத்தில் படமாக மட்டும் இருக்கும் பக்கங்கள் ஏராளம். பெயர்த் தேடலில் அவை வரமாட்டா. கேட்டலாக்கில் இடத்தின் பெயரைப் போட்டு, தொகுதியைத் திறந்து, பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும். 2024 முதல் அங்கே கையெழுத்தை இயந்திரமே படித்துத் தரும் முழு உரைத் தேடலும் இருக்கிறது. நிலப் பத்திரங்களிலும் உயில்களிலும் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் பெயர்கூட அதில் அகப்படுகிறது. இலவசம்தான். பணம் கட்டும் தளத்துக்குப் போகும் முன் இதைச் செய்து முடியுங்கள். சில படங்கள் வீட்டிலிருந்து திறக்காது, அந்தத் தளத்துடன் இணைந்த நூலகத்துக்குப் போனால் திறக்கும்.

17ஆம் நூற்றாண்டின் பழைய ஆங்கிலக் கையெழுத்தும் பழைய டச்சும் நான்கைந்து முறை முயன்றும் பிடிபடவில்லை என்றால், அந்த ஒரு பக்கத்தை மட்டும் படித்துத் தரச் சொல்லி நிபுணரிடம் கொடுங்கள். மொத்தத் தேடலையும் ஒப்படைக்க வேண்டியதில்லை.

## அறிகுறி: 1850க்கு மேலே தகப்பன் பெயர் கிடைக்கவில்லை

இது பழுதே இல்லை, பதிவின் அமைப்பே அப்படி. கூட்டாட்சி மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1790இல் தொடங்கியது. 1840 வரை வீட்டுத் தலைவர் பெயர் மட்டும் எழுதி, மற்றவர்களை வயது வரிசைக் கட்டங்களில் எண்ணிக்கையாகப் போட்டார்கள். சுதந்திரமாக வாழ்ந்த எல்லோருடைய பெயரும் முதல்முறை எழுதப்பட்டது 1850இல். வீட்டுத் தலைவருக்கு என்ன உறவு என்ற கேள்வி 1880இல்தான் வந்தது. ஆக, 1850 பதிவில் ஒரே வீட்டில் இருக்கும் குழந்தை அந்த வீட்டுக்காரரின் பிள்ளைதான் என்பதற்கு அந்தத் தாள் சாட்சி சொல்லாது.

### செலவில்லாத சோதனைகள்

1840, 1830, 1820 என்று பின்னோக்கிப் போய், அதே ஊரில் அதே குடும்பப் பெயர் கொண்ட வீட்டுத் தலைவர்களை ஒரு தாளில் எழுதுங்கள். உங்கள் ஆளின் வயதுக்குப் பொருந்தும் கட்டத்தில் எண்ணிக்கை இருக்கிற வீடுகள் மட்டும் மிஞ்சும். பட்டியலில் முன்னும் பின்னும் உள்ள பத்து வீடுகளையும் சேர்த்து எழுதுங்கள், மாமனார் வீடு பல நேரம் அங்கேதான் இருக்கும். 1840 பதிவுக்கு இரண்டாவது பக்கம் உண்டு, பலர் அதைத் திறப்பதே இல்லை. புரட்சிப் போர் (அமெரிக்க விடுதலைப் போர்) ஓய்வூதியம் வாங்கிய கிழவர்களின் பெயரும் வயதும் அங்கே இருக்கும். மகன் வீட்டில் ஒதுங்கியிருந்த தாத்தா அகப்படும் இடம் அது.

### நேரம் பிடிக்கும் சோதனைகள்

அப்புறம் வரிப் பட்டியல். வர்ஜீனியாவில் 1782 முதல் வருடா வருடம் உண்டு. நேற்றுவரை இல்லாத பெயர் ஒரு வருடம் திடீரென்று தோன்றினால், ஒன்று பையனுக்கு 21 வயது ஆகியிருக்கிறது அல்லது குடும்பம் புதிதாக வந்திருக்கிறது. ஒரே வருடத்தைப் பார்த்து முடிவு சொல்லாதீர்கள், தொடர்ச்சியாகப் பாருங்கள்.

அதற்கும் மேலே நிலப் பத்திரமும் உயிலும். உயில் இல்லை என்றால் உடனே விட்டுவிடுகிறார்கள், அங்கேதான் பலர் தோற்கிறார்கள். உயில் எழுதாமல் இறந்தவருக்கும் நிர்வாகி நியமனம், சொத்துப் பட்டியல், பங்கீடு என்று ஒரு கட்டு இருக்கும். பங்கீட்டில் எல்லா வாரிசுகளின் பெயரும் வரும். மாசசூசெட்ஸில் மூத்த மகனுக்கு இரட்டைப் பங்கு என்பது நீண்ட காலம் வழக்கமாக இருந்தது, ஆகவே யாருக்கு இரண்டு பங்கு என்று பார்த்தாலே மூத்தவர் யார் என்று தெரியும். பங்கீடும் இல்லையா? தகப்பன் இறந்து இருபது வருடம் கழித்துக்கூட, வாரிசுகள் எல்லோரும் சேர்ந்து ஒரு சகோதரனுக்கு நிலத்தை விட்டுக்கொடுத்த பத்திரம் இருக்கலாம். தங்கைமார், அவர்கள் கணவன்மார், வேறு மாநிலம் போன தம்பி, எல்லாரும் ஒரே பத்திரத்தில் கையெழுத்திட்டிருப்பார்கள். எனக்கு இதைவிடப் பிடித்த ஆவணம் வேறில்லை. விற்றவர் அட்டவணையில் தகப்பன் இறந்த வருடத்திலிருந்து முப்பது வருடம் வரை தேடுங்கள். வாங்கியவர் அட்டவணையோடு நிறுத்திக்கொள்கிறவர்களுக்கு இது கிடைப்பதில்லை.

உயிலில் ஒரு மகன் பெயர் இல்லாவிட்டாலோ, ஒரு ஷில்லிங் மட்டும் கொடுத்திருந்தாலோ சண்டை என்று நினைக்க வேண்டாம். அவர் பங்கை முன்பே நிலமாக வாங்கிக்கொண்டிருப்பார், பத்திரப் புத்தகத்தில் பாருங்கள்.

## அறிகுறி: ஊர் தெரிகிறது, அந்தக் கவுன்டியில் பதிவு இல்லை

கவுன்டி என்பது ஒரு மாநிலத்துக்குள் நம் மாவட்டம் போன்ற பிரிவு. அதன் எல்லை மாறியிருக்கும். இதுதான் நான் அதிகம் பார்க்கும் பழுது, சரிசெய்வதும் சுலபம். மாசசூசெட்ஸின் வூஸ்டர் கவுன்டி உருவானதே 1731இல். அதற்கு முந்திய வூஸ்டர் ஊர்ப் பத்திரம் மிடில்செக்ஸில் இருக்கும். பிரெயின்ட்ரீ, டெடம் ஊர்கள் 1793 வரை பாஸ்டனோடு சேர்ந்து சஃபோக்கில் இருந்தன. மெய்ன் 1820 வரை மாசசூசெட்ஸின் பகுதி. இன்றைய போர்ட்லேண்டில் 1750இல் வாழ்ந்தவரைத் தேடுகிறீர்களா? ஊரின் பெயர் அப்போது ஃபால்மத், கவுன்டி யார்க். கென்டக்கி 1792 வரை வர்ஜீனியா. சிகாகோவின் நியூபெரி நூலகம் எல்லா மாநிலங்களுக்கும் நாள் வாரியான கவுன்டி எல்லை வரைபடம் போட்டு வைத்திருக்கிறது, இலவசம். அதைத் திறக்காமல் எந்த கவுன்டி அலுவலகத்துக்கும் கடிதம் எழுதாதீர்கள்.

அலுவலகமே வேறாக இருக்கும். தெற்கில் எல்லாம் கவுன்டி நீதிமன்றம். மாசசூசெட்ஸ், கனெக்டிகட் போன்ற வடகிழக்கு மாநிலங்கள் சேர்ந்த நியூ இங்கிலாந்தில் பிறப்பு, திருமணம், இறப்பு எல்லாம் ஊர் எழுத்தரிடம். நிலப் பத்திரம் மாசசூசெட்ஸில் கவுன்டியில் இருக்கும், கனெக்டிகட், ரோட் ஐலண்ட், வெர்மான்ட் மூன்றிலும் ஊரிலேயே இருக்கும். யாழ்ப்பாணத்து உடுவிலில் பெண்கள் பள்ளியைத் தொடங்கிய ஹாரியட் வின்ஸ்லோ 1796இல் கனெக்டிகட்டின் நார்விச்சில் லாத்ரப் குடும்பத்தில் பிறந்தவர். அமெரிக்க மிஷன் வரலாற்றை ஆராயும் நம்மவர் ஒருவர் அந்தக் குடும்பத்தின் நிலத்தை நியூ லண்டன் கவுன்டியில் தேடினால் வெறுங்கையோடுதான் திரும்புவார். நார்விச் ஊர் எழுத்தர் அலுவலகப் புத்தகங்களில் பார்க்க வேண்டும்.

எரிந்திருக்கும். வர்ஜீனியாவில் உள்நாட்டுப் போருக்குப் பயந்து பல கவுன்டிகள் தங்கள் புத்தகங்களை ரிச்மண்டுக்கு அனுப்பி வைத்தன. 1865 ஏப்ரலில் ரிச்மண்ட் எரிந்தபோது அவையும் போயின. ஹானோவர், ஜேம்ஸ் சிட்டி கவுன்டிகளுக்கு நேர்ந்தது இதுதான். ஆனால் வரிப் பட்டியலின் ஒரு பிரதி மாநிலத்துக்குப் போயிருக்கும், நில மானியம் மாநிலப் பதிவில் இருக்கும், பக்கத்து கவுன்டியில் நிலம் வாங்கியிருந்தால் பத்திரம் அங்கே இருக்கும். வர்ஜீனியா மாநில நூலகம் தொலைந்த கவுன்டிகளின் ஆவணப் பிரதிகளை வேறு இடங்களிலிருந்து திரட்டித் தனித் தொகுப்பாகவே வைத்திருக்கிறது. எல்லாம் எரிந்துவிட்டது என்று யாராவது சொன்னால், எந்த வருடத்துப் புத்தகம், எந்த வகை என்று கேளுங்கள்.

எரிந்த கவுன்டியில் இந்த மூன்றையும் பார்த்தும் ஒன்றும் இல்லை என்றால் அந்த வட்டாரத்து ஆராய்ச்சியாளரை அமர்த்துவது பணத்துக்குத் தகும். இணையத்தில் ஏறாத நீதிமன்றக் காகிதக் கட்டுகளை அவர்கள் நேரில் போய்ப் பிரிப்பார்கள்.

## அறிகுறி: ஒரே ஊரில் அதே பெயரில் இரண்டு பேர்

ஜூனியர் என்று எழுதியிருந்தால் மகன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஊரில் அந்தப் பெயர் கொண்ட இருவரில் இளையவர் என்றுதான் அதற்குப் பொருள். மாமனும் மருமகனுமாக இருக்கலாம், உறவே இல்லாமலும் இருக்கலாம். மூத்தவர் இறந்ததும் ஜூனியர் சீனியர் ஆவார், அதனால் 1760இன் ஜூனியரும் 1775இன் சீனியரும் ஒரே ஆளாக இருக்கக்கூடும். இறந்த குழந்தையின் பெயரையே அடுத்துப் பிறந்த குழந்தைக்கு வைப்பதும் சாதாரணம்.

பிரிப்பதற்கு நிலம்தான் வழி. ஒவ்வொருவருக்கும் தனித்தாள் போடுங்கள். எந்த நிலத்தை எப்போது வாங்கினார், யாருக்கு விற்றார், மனைவி பெயர் என்ன, கையெழுத்திட்டாரா, குறி வைத்தாரா, பக்கத்து நிலக்காரர் யார்? நிலம் ஒன்றாக இருந்தால் ஆள் ஒன்று. ஒருவர் எப்போதும் கையெழுத்திடுகிறார், மற்றவர் எப்போதும் குறி வைக்கிறார் என்றால் ஆள் இரண்டு. இவ்வளவு செய்தும் பிரியவில்லை என்றால் ஆண் வழி மரபணுச் சோதனை இருக்கிறது. இரு கிளைகளிலிருந்தும் தகப்பன் வழியாக நேராக வந்த ஓர் ஆண் வாரிசு கிடைக்க வேண்டும், செலவும் ஆகும். அதனால் அதைக் கடைசியில் வையுங்கள். சகோதரர்களாக இருந்திருந்தால் அதுவும் பிரிக்காது.

## அறிகுறி: மனைவியின் பிறந்த வீடு தெரியவில்லை

கணவன் நிலம் விற்றால், அவன் இறந்த பின் மனைவிக்கு அந்த நிலத்தில் ஆயுள் முழுக்க மூன்றிலொரு பங்கு அனுபவிக்கும் உரிமை இருந்தது. வாங்குகிறவர் மனைவியிடமும் விட்டுக்கொடுப்புக் கையெழுத்துக் கேட்பார். ஆக, அவர் விற்ற ஒவ்வொரு பத்திரத்தையும் எடுத்தால் எந்த வருடம் எந்த மனைவி என்று வரிசை கிடைக்கும். முதல் பெயர் கிடைத்ததும் சுற்றியுள்ள ஆண்களைப் பாருங்கள்: சாட்சிகள், பக்கத்து நிலக்காரர்கள், சொத்துக்குப் பிணை நின்றவர்கள். அவர்களுடைய தகப்பன்மாரின் உயில்களில் உங்கள் ஆள் மருமகனாக வருகிறாரா என்று தேடுங்கள். நியூ இங்கிலாந்தில் திருமண அறிவிப்பு ஊர்ப் புத்தகத்தில் இருக்கும். தெற்கில் திருமணப் பிணைப்பத்திரம் இருக்கும், அதில் பிணை நின்றவர் பெரும்பாலும் பெண்ணின் தகப்பன் அல்லது அண்ணன். பிணைப்பத்திரம் எழுதியதாலேயே திருமணம் நடந்தது என்று ஆகாது, அதற்குத் தனி ஆதாரம் வேண்டும்.

கணவன் புரட்சிப் போரில் போயிருந்தால் விதவை ஓய்வூதியக் கட்டை உடனே எடுங்கள். 1836இலும் 1838இலும் வந்த சட்டங்களின்படி விதவைகள் திருமணத்தை நிரூபிக்க வேண்டியிருந்தது. நிரூபிக்க வேறு வழியில்லாமல் குடும்ப பைபிளிலிருந்து பிறந்தநாள் பக்கத்தைக் கிழித்து அனுப்பியவர்கள் உண்டு. அந்தத் தாள்கள் இன்றும் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

## அறிகுறி: தேதி ஒன்றோடொன்று இடிக்கிறது

1752க்கு முன் அங்கே புத்தாண்டு மார்ச் 25. ஜனவரி, பிப்ரவரி, மார்ச் 24 வரை பழைய வருடத்தில் சேரும். 1731/2 என்று இரண்டு வருடம் எழுதியிருப்பது அதனால்தான், எழுத்தர் தவறில்லை. 1752இல் செப்டம்பர் 2க்கு அடுத்த நாள் 14. ஜார்ஜ் வாஷிங்டன் பிறந்தது பழைய கணக்கில் 1731 பிப்ரவரி 11, புதிய கணக்கில் 1732 பிப்ரவரி 22. மாதத்தை எண்ணால் எழுதியிருந்தால், 1752க்கு முன் முதல் மாதம் என்பது மார்ச். குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் பதிவுகளில் இது எப்போதும் வரும். உங்கள் குறிப்பில் மூலத்தில் உள்ளபடியே எழுதுங்கள், மாற்றிய தேதியைப் பக்கத்தில் தனியாகப் போடுங்கள். நிபுணர் இதற்குத் தேவையில்லை.

## அறிகுறி: எங்கிருந்து வந்தார் என்றே தெரியவில்லை

நியூ இங்கிலாந்து ஊர்களில் புதிதாக வந்தவர்கள் பின்னால் ஏழைகளாகி ஊர்ச் செலவில் விழுந்துவிடக் கூடாது என்று, வெளியேறச் சொல்லி அறிவிப்புக் கொடுத்தார்கள். வார்னிங் அவுட் என்று பெயர். பெரும்பாலோர் போகவில்லை, அது சட்டப் பாதுகாப்புக்கான சடங்கு. நமக்கோ அது புதையல். பல ஊர்களில் மனைவி, குழந்தைகள் பெயரோடு முன்பிருந்த ஊரும் எழுதப்பட்டிருக்கும். அடுத்து சர்ச் மாற்றுக் கடிதம், குவேக்கராக இருந்தால் இடமாற்றச் சான்று. போர் வீரராக இருந்தால் 1832 சட்டப்படி கொடுத்த ஓய்வூதிய வாக்குமூலத்தைப் பாருங்கள். எங்கே பிறந்தேன், எங்கெங்கே வாழ்ந்தேன் என்று அவரே நீதிமன்றத்தில் சொல்லியிருப்பார். பென்சில்வேனியா ஜெர்மானியருக்கு 1727 முதல் ஃபிலடெல்ஃபியாவில் பிரிட்டிஷ் அரசருக்கு விசுவாசமாக இருப்பதாக எடுத்த பிரமாணத்தின் பட்டியல்கள் கப்பல் வாரியாக உண்டு.

இவை இல்லையென்றால் பக்கத்து வீட்டுக்காரர்களைப் பின்தொடருங்கள். மக்கள் கூட்டமாகத்தான் பெயர்ந்தார்கள். ஐந்து பக்கத்து வீட்டுக்காரர்களில் மூவர் ஒரே ஊரிலிருந்து வந்திருந்தால் உங்கள் ஆளையும் அங்கே தேடுங்கள்.

## அறிகுறி: குடும்பம் கறுப்பினக் குடும்பம், 1870க்கு மேலே எதுவும் இல்லை

அடிமைப்படுத்தப்பட்டிருந்தவர்களில் பெரும்பாலோர் பெயரோடு எழுதப்பட்ட முதல் கணக்கெடுப்பு 1870. 1850, 1860 அடிமைப் பட்டியல்களில் உடைமையாளர் பெயர் இருக்கும். அடிமைப்பட்டவருக்கு வயது, பால், நிறம் மட்டும்தான், பெயர் மிக அபூர்வம். வயதுப் பொருத்தத்தை மட்டும் வைத்து அதில் ஒருவரைச் சுட்டிக்காட்டாதீர்கள்.

முதலில் 1865க்கும் 1872க்கும் இடையில் இயங்கிய, விடுதலையான அடிமைகளுக்கான அரசுச் செயலகத்தின் பதிவுகள், பிறகு அவர்களுக்கென்றே இருந்து 1874இல் மூடிய ஃப்ரீட்மன்ஸ் வங்கியின் கணக்குப் பேரேடு. கணக்குத் தொடங்கியவரின் பெற்றோர், உடன்பிறந்தோர், சில நேரம் பழைய உடைமையாளர் பெயர்கூட அதில் இருக்கும். உடைமையாளர் பெயர் கிடைத்ததும் அந்தக் குடும்பத்தின் உயிலுக்கும் சொத்துப் பட்டியலுக்கும் போக வேண்டும். தாய், குழந்தை என்று மனிதர்களுக்குப் பக்கத்தில் விலை எழுதிய தாள்கள் அவை. படிக்க மனம் வராது. ஆனால் அவர்களின் பெயர் எழுதப்பட்ட ஒரே இடம் பல நேரம் அதுதான். வடக்கிலும் இது உண்டு. நியூயார்க்கின் 1799 சட்டப்படி அடிமைத் தாய்க்குப் பிறந்த குழந்தையை ஊர் எழுத்தரிடம் பதிய வேண்டியிருந்தது.

உடைமையாளர் யார் என்று இரண்டு தனி ஆதாரம் கிடைக்காவிட்டால், இந்தத் துறையிலேயே தேர்ந்த ஆராய்ச்சியாளரிடம் சீக்கிரமே போங்கள். மற்ற அறிகுறிகளைவிட இதில் நான் அவசரப்படுத்துவேன்.

## அறிகுறி: இணைய மரம் 1620இல் வந்த மேஃப்ளவர் கப்பல் வரை போகிறது, ஆதாரம் இல்லை

மற்றொருவரின் மரத்தை மூலமாகக் காட்டியிருந்தால் அது மூலம் இல்லை. தாய் பிறப்பதற்கு முன் பிள்ளை, எட்டு வயதில் திருமணம், ஒரே மாதத்தில் இரண்டு மாநிலத்தில் இரண்டு குழந்தை, இவற்றை முதலில் பாருங்கள். மூன்று சகோதரர்கள் ஒரே கப்பலில் வந்தார்கள் என்ற கதையைத் தனியாகக் கட்டம் கட்டி வையுங்கள், அதற்கு ஆதாரம் அபூர்வமாகத்தான் கிடைக்கும். 1942இல் இறந்த குஸ்தாவ் அஞ்சு என்பவர் பணக்காரக் குடும்பங்களுக்குப் போலி வம்சாவளி எழுதி விற்றார். அவர் புனைந்த தொடர்புகள் இன்றும் இணைய மரங்களில் திரிகின்றன. நூறு வருடப் பழைய புத்தகத்தில் அச்சாகியிருக்கிறது என்பது சான்றாகாது.

கீழிருந்து ஒவ்வொரு கண்ணியாகச் சோதியுங்கள். இவர் இவருடைய பிள்ளை என்று அந்தக் காலத்து எந்தத் தாள் சொல்கிறது? பதில் இல்லாத முதல் கண்ணியில் நில்லுங்கள், மேலே உள்ளதையெல்லாம் பென்சிலால் எழுதுங்கள். மேஃப்ளவர் வாரிசுச் சங்கத்திலோ அமெரிக்கப் புரட்சியின் மகள்கள் அமைப்பிலோ சேரும் எண்ணம் இருந்தால் அவர்களும் தலைமுறைக்குத் தலைமுறை இதையேதான் கேட்பார்கள்.

நிபுணரை அமர்த்தும்போது, தொழில்முறை வம்சாவளியாளர் சங்கத்தின் பட்டியலில் மாநிலத்தையும் காலத்தையும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். 'என் மூதாதையரைக் கண்டுபிடியுங்கள்' என்று கொடுத்தால் மணிக்கணக்கில் பணம் போகும். ஓர் ஆள், ஓர் ஊர், ஒரு காலம், ஒரு கேள்வி என்று கொடுங்கள். அதோடு நீங்கள் பார்த்து முடித்த புத்தகங்களின் பட்டியலையும், ஒன்றும் கிடைக்காதவற்றையும் சேர்த்தே அனுப்புங்கள். பார்த்ததையே மறுபடி பார்க்க அவருக்கு நீங்கள் பணம் கொடுக்க வேண்டியிருக்காது.